பழைய புல்லட் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறைத் தேடுவது எப்படி?

பழைய 350 புல்லட் ஒன்று வீட்டுக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை எஞ்சினைப் பிரிப்பது. உண்மையில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. வருடக்கணக்கில் கொட்டகையில் கிடந்த வண்டியிலும் கோளாறு பெரும்பாலும் வெளியில்தான் இருக்கும். பாயின்ட்டில் (பொறிக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனை) இருக்கும், கார்புரேட்டரில் இருக்கும், ஒரு கேபிளிலோ, எஞ்சினின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயிலோ இருக்கும். அங்கெல்லாம் பார்க்காமல் எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கினால் கேஸ்கெட், ரிங்கு, ரீபோர் (சிலிண்டரைக் கடைவது) என்று செலவு நீண்டுகொண்டே போகும். பழைய கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். நல்ல எஞ்சின்கள் பல இப்படித்தான் வீணாகப் பிரிக்கப்பட்டுக் கெட்டிருக்கின்றன. அதனால்தான் இதை அறிகுறிவாரியாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் வார்ப்பிரும்பு சிலிண்டரும், பாயின்ட் இக்னிஷனும், வலது காலில் நாலு கியரும் உள்ள புல்லட்டுக்குப் பொருந்தும். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் இந்த எஞ்சினைப் பல பத்தாண்டுகள் அடிப்படை மாறாமல் செய்துவந்தது. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 90 மி.மீ., 346 சிசி. ஒரு காலத்து வண்டியின் பாகம் இன்னொரு காலத்து வண்டியில் உட்காருவது அதனால்தான். அதில் ஒரு சிக்கலும் உண்டு. இன்று கைக்கு வரும் வண்டியில் எந்தப் பாகம் எந்தக் காலத்தது என்று சொல்லவே முடியாது. புத்தகத்தில் உள்ளதை நம்பாமல், கண்ணெதிரே இருப்பதை அளந்து பாருங்கள்.

கருவி அதிகம் தேவையில்லை. ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் தகடுகள்), மல்டிமீட்டர், நல்ல திருப்புளி, கொஞ்சம் பனியன் வேஸ்ட், ஒரு உதிரி பிளக் போதும். ஸ்பானர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இங்கிலாந்து வடிவமைப்பு என்பதால் பழைய வண்டிகளில் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவு நட்டுகள் நிறைய இருக்கும். கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று மெட்ரிக் ஸ்பானரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். விட்வொர்த் செட் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஒரு விதியைக் கடைசிவரை விடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் கிக் அடித்துப் பாருங்கள். பிளக், பாயின்ட், ஜெட் மூன்றையும் ஒரே மாலையில் மாற்றினால் வண்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது, நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது.

கிக்கர் கனமே இல்லாமல் இறங்குகிறது

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இல்லை. உடனே ரிங்கைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் டீகம்ப்ரசர் (அழுத்தத்தை வெளியே விடும் குட்டி வால்வு) கேபிளைப் பாருங்கள். லீவரில் இரண்டு மூன்று மி.மீ. ஆட்டம் இருக்க வேண்டும். கேபிள் விறைப்பாக இருந்தால் ஹெட்டில் உள்ள அந்தக் குட்டி வால்வு எப்போதும் லேசாகத் தூக்கியபடியே நிற்கும். கேபிளைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்துங்கள். கனம் திரும்பிவிட்டால் வேலை முடிந்தது. திரும்பவில்லை, ஹெட் பக்கம் 'உஸ்' என்று காற்று போகும் சத்தமும் கேட்கிறது என்றால், அந்த வால்வில் கரி ஏறியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து உட்காரும் இடத்தைப் பாருங்கள்.

அடுத்தது வால்வைத் தூக்கும் டேப்பெட். சிலிண்டருக்குக் கீழே வலது பக்கம் ஒரே நட்டில் நிற்கும் மூடியைத் திறந்தால், வால்வை இயக்கும் தண்டுகளான புஷ்ராடுகள் தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் டாப்பில் (இரண்டு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) இருக்க வேண்டும். இந்த நிலையில் புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. அலுமினியப் புஷ்ராடுக்கு அளவு இவ்வளவுதான், ஃபீலர் கேஜ் வேண்டியதில்லை. உருளவே மறுக்கிறதென்றால் வால்வு முழுதாக மூடவில்லை என்று பொருள். சத்தம் வரக்கூடாது என்பதற்காக டேப்பெட்டை இறுக்கி வைக்கும் பழக்கம் வால்வைச் சுட்டுவிடும். கொஞ்சம் சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டும் சரியாக இருந்து கனம் மட்டும் இல்லையென்றால் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, சில தடவை கிக்கரை இறக்கிவிட்டுப் பிளக்கைப் போட்டுப் பாருங்கள். கனம் கூடினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. கூடவில்லையென்றால் கோளாறு வால்வில். எஞ்சினில் கை வைக்க வேண்டிய கட்டம் இதுதான். அப்போதும் வால்வுக் கோளாறு என்றால் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், சிலிண்டரைத் தொட வேண்டாம்.

கனம் இருக்கிறது, ஆனால் வண்டி உயிர் பெறவில்லை

தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, இரண்டில் எது இல்லை என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். தீப்பொறியைப் பார்க்க, மாட்டியிருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம். உதிரி பிளக்கை வயரில் செருகி ஹெட்டில் தொடும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் துளையைத் திறந்து வைத்துப் பக்கத்திலேயே தீப்பொறி விட்டால் உள்ளிருந்து வெளியேறும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். நீலமாக, 'சட்' என்று கேட்கும்படி பொறி வந்தால் சரி. சிவந்த மஞ்சளாக, மெலிந்து வந்தால் போதாது.

புல்லட்டின் முகப்பில் உள்ள ஆம்பியர் மீட்டரே இதற்கு நல்ல சோதனைக் கருவி. விளக்குகளை அணைத்துவிட்டுச் சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் கொஞ்சம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வந்துவிடும். கிக்கரின் ஓட்டத்தோடு முள் இப்படி ஆடினால் பேட்டரி, சாவி, காயிலின் (பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) முதல் சுற்று, பாயின்ட் வரை மின்சாரம் போய் வருகிறது. ஆடாமல் நடுவிலேயே நின்றால் மின்சாரம் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயின்ட் முகம் அழுக்கேறி ஒட்டாமல் இருக்கிறது. மைனஸிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் பாயின்ட் திறக்கவே இல்லை, அல்லது அதன் வயர் எங்கோ உடம்பில் பட்டு எர்த் ஆகிறது.

வெகுநாள் நின்ற வண்டியில் பத்துக்கு ஏழெட்டு தடவை குற்றவாளி பாயின்ட்தான். பாயின்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து முகங்களைப் பாருங்கள். மங்கிய சாம்பல் படலம் இருந்தால் மெல்லிய உப்புத்தாளை மடித்து இடையில் இரண்டு இழு இழுத்து, பிறகு வெள்ளைத் தாள் ஒன்றைச் செருகி, தாளில் கறை விழாத வரை துடையுங்கள். உப்புத்தாளின் துகள் ஒன்று மிஞ்சினாலும் பொறி வராது, அதனால் இந்தத் துடைப்பு முக்கியம். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் இருந்தால் கண்டென்சரைச் (பாயின்ட் முகம் கருகாமல் காக்கும் பாகம்) சந்தேகியுங்கள். சுத்தமானதும், பாயின்ட்டைத் திறக்கும் கேமின் உச்சியில் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். கேம் மேல் கடுகளவு கிரீஸ் தடவுங்கள். இல்லையென்றால் பாயின்ட்டின் ஃபைபர் குதிகால் தேய்ந்து, இடைவெளி தானாகக் குறைந்து, டைமிங்கும் (பொறி விழும் நேரம்) பின்னுக்குப் போய்விடும்.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் பக்கம் வாருங்கள். பல தடவை கிக் அடித்த பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்து சொட்டினால் அதிகமாக வருகிறது. வரவில்லையென்றால் டேங்கின் பெட்ரோல் காக்கின் (பெட்ரோலைத் திறந்து மூடும் குமிழ்) குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தாரையாக விழ வேண்டும், சொட்டுச் சொட்டாக விழுந்தால் காக்கின் வலையில் துரு அடைத்திருக்கிறது. தாரை சரியாக இருந்தால் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றுங்கள். பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாகி, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். ஜெட்டைக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து காற்றடித்தால் போதும். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். பெட்ரோல் குழாயையும் ஃப்ளோட் ஊசியையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

கிக்கர் காலைத் திருப்பி உதைக்கிறது

இதை அலட்சியம் செய்யாதீர்கள். கணுக்கால் போகும், கிக்கர் பல்லும் போகும். டைமிங் முன்னால் இருக்கிறது என்பதுதான் இதன் பொருள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள், வேகம் ஏறும்போது பொறியை முன்னுக்குத் தள்ளும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகளைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, எடைகள் துருவேறி விரிந்தபடி சிக்கியிருந்தாலோ இப்படி ஆகும். கையால் கேமைத் திருப்பி விடுங்கள், அது தானாகப் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் அங்கேதான் வேலை.

அது சரியாக இருந்தால் டைமிங்கைப் புதிதாக வையுங்கள். முதலில் பாயின்ட் இடைவெளி, அப்புறம்தான் டைமிங். இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் மாறும் என்பதால் வரிசையை மாற்றக் கூடாது. 350-க்கு, அட்வான்ஸ் இல்லாத நிலையில், பிஸ்டன் டாப்புக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கும்போது பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். வண்டியை டாப் கியரில் போட்டு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் உருட்டினால் பிஸ்டனை மயிரிழையாக நகர்த்தலாம். எப்போதும் முன்பக்கமாகவே உருட்டிக்கொண்டு வந்து நிறுத்துங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள், இல்லாவிட்டால் கியர் பற்களின் ஆட்டம் அளவைக் கெடுத்துவிடும். ஆம்பியர் முள் நடுவுக்குத் துள்ளும் கணம்தான் பாயின்ட் திறக்கும் கணம்.

ஸ்டார்ட் செய்யும் முறையும் சரியாக இருக்கட்டும். முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை இறக்குங்கள், டீகம்ப்ரசரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டிவிடுங்கள், லீவரை விட்டுக் கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு தயங்காமல் முழு மிதி. அரைகுறை மிதிதான் திருப்பி அடிக்கும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங் நிற்கவில்லை

கார்புரேட்டரின் ஏர் ஸ்க்ரூவை முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். மிக்கார்ப் வகைக் கார்புரேட்டரில் உள்ளே திருகினால் பெட்ரோல் கலவை கூடும், வெளியே எடுத்தால் குறையும். எவ்வளவு திருகினாலும் எஞ்சின் வேகத்தில் மாற்றமே தெரியவில்லையென்றால் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது காற்று வேறு வழியாக உள்ளே போகிறது. கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இணைப்பைச் சுற்றி எஞ்சின் ஆயிலைத் தடவிப் பாருங்கள். ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். அந்த இணைப்பின் தட்டையான முகமான ஃபிளாஞ்சை அளவுக்கு மீறி இறுக்கி வளைத்து வைத்திருப்பார்கள். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, ஃபிளாஞ்சைத் தேய்த்துச் சமமாக்கினால் சரியாகிவிடும்.

சூடானதும் நின்றுபோகிறது

இதுதான் ஆளை அதிகம் அலைக்கழிக்கும் கோளாறு. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் வண்டி ஆறிவிடும், மெக்கானிக் மிதித்தால் ஒரே உதையில் ஓடும். பிறகு ஆளுக்கொரு காரணம் சொல்லி ஆளுக்கொரு பாகத்தை மாற்றுவார்கள். இந்தக் கோளாறை நின்ற இடத்தில், நின்ற உடனே மட்டும்தான் பிடிக்க முடியும். உதிரி பிளக்கும் பிளக் ஸ்பானரும் பையில் இருக்கட்டும். வண்டி நின்றதும் ஓரம்கட்டி, இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காமல் நின்றிருக்கிறது. மூடியைத் தளர்த்தி வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினால் உறுதியாகிவிடும். புதிதாக வாங்கிப் போட்ட மூடிகளில் இந்தத் துளையே சரியாக இல்லாமல் இருப்பதும் உண்டு.

அது இல்லையென்றால் உடனே உதிரி பிளக்கில் பொறி பாருங்கள். காலையில் நீலமாக வந்த பொறி இப்போது மெலிந்தோ இல்லாமலோ போயிருந்தால் கண்டென்சர் அல்லது காயில். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயின்ட் திறக்கும்போது அதன் முகங்களுக்கிடையே பார்வையை வையுங்கள். அங்கே கொழுத்த நீலப் பொறி விடாமல் பறந்தால் கண்டென்சர் செத்துவிட்டது. அங்கே சாதாரணமாக இருந்து பிளக்கில் மட்டும் பொறி இல்லையென்றால் காயில் சூட்டில் அறுகிறது. கண்டென்சர் விலை குறைவு, முதலில் அதை மாற்றிப் பாருங்கள். ஒன்று சொல்ல வேண்டும்: சந்தையில் புதிதாக வரும் கண்டென்சர் எல்லாம் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றிய அசல் பாகம் கிடைத்தால், பளபளவென்ற டூப்ளிகேட்டைவிட அதையே எடுப்பேன். சோதித்து நன்றாக உழைப்பது தெரிந்ததும் அதே போல் இன்னொன்றை வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவையுங்கள்.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தால் கிக்கரின் கனத்தைப் பாருங்கள். குளிர்ந்தபோது இருந்த கனம் சூட்டில் இல்லையென்றால் எக்ஸாஸ்ட் டேப்பெட் இறுக்கமாக இருக்கிறது. சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு மூடாமல் நிற்கிறது. வீட்டுக்கு வந்து, முழுதும் ஆறிய பிறகு, புஷ்ராடு மேலே சொன்னபடி உருளும்வரை தளர்த்துங்கள்.

இன்னொரு வகை நிற்றலும் உண்டு. நல்ல வேகத்தில் போகும்போது யாரோ பிரேக் பிடித்ததுபோல் எஞ்சின் இறுகும். கணமும் தாமதிக்காமல் கிளட்சைப் பிடித்துவிடுங்கள், பிஸ்டன் பிடிக்கிறது. ரீபோர் செய்த வண்டியில் முதல் 500 கிலோமீட்டருக்கு வேகம் 50-ஐத் தாண்டாமல் ஓட்டுங்கள். டைமிங் பின்னால் இருந்தாலும், கலவையில் பெட்ரோல் குறைந்தாலும் வார்ப்பிரும்பு சிலிண்டர் இப்படிச் சூடேறும்.

சைலன்சரில் புகை

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம். சோக் போட்டபடியே நிற்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. அது எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்கும்போது வந்தால் ரிங்கு. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு வரும்போது வந்தால் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்).

நீண்ட நாள் நிறுத்தி ஸ்டார்ட் செய்ததும் தெருவையே மறைக்கும் புகை வந்தால் பயப்பட வேண்டாம். புல்லட்டில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸோடு (சிலிண்டருக்குக் கீழே கிராங்க் தண்டு சுழலும் அறை) ஒட்டியே இருக்கிறது. நிற்கும் வண்டியில் ஆயில் பம்பு வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். இதில் ஏமாந்துபோக ஒரு இடம் இருக்கிறது. அப்போது டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் குறைவாகக் காட்டும். உடனே மேலே ஊற்றினீர்கள் என்றால், ஓடத் தொடங்கியதும் கீழே இறங்கியிருந்த ஆயிலும் டேங்குக்குத் திரும்பி, பிரீதர் வழியாகக் கொட்டும். முதலில் கிராங்க் அறையின் வடிகால் நட்டைக் கழற்றிக் கீழே தேங்கியதை வடியுங்கள், அதற்குப் பிறகு அளவு பாருங்கள். முழுக் கொள்ளளவு சுமார் இரண்டேகால் லிட்டர்.

எங்கு பார்த்தாலும் ஆயில் கசிவு

புல்லட் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லிவிடுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரே நேரத்தில் பல இணைப்புகளில் கசிந்தால் கேஸ்கெட்டுகளை மாற்றும் முன் பிரீதரைப் பாருங்கள். அடைத்திருந்தாலோ, அதன் ரப்பர் வால்வு விறைத்துப் போயிருந்தாலோ கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, கிடைக்கும் இடுக்கிலெல்லாம் ஆயிலைத் தள்ளும். ரப்பரை மாற்றினாலே பாதிக் கசிவு நின்றுவிடும். இடது பக்கச் செயின் கவரில் மட்டும் ஒழுகினால் அங்கே அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருப்பார்கள். அந்தக் கவர் நடுவில் உள்ள ஒற்றை நட்டில் நிற்கிறது, ஓரத்து ரப்பர் சரியாக உட்கார்ந்தால் போதும். நட்டை முரட்டுத்தனமாக இறுக்கினால் கவர்தான் வளையும்.

டைமிங் கவரைக் கழற்றினால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கிராங்கின் முனைக்கு ஆயில் போகும் இடத்தில் கவருக்குள் ஒரு சின்ன கார்க் சீல் இருக்கும். அது விழுந்துவிட்டாலோ நைந்திருந்தாலோ பிக் எண்டுக்கு (பிஸ்டனின் தண்டு கிராங்கோடு சேரும் இடம்) ஆயில் போகாது. பெரும்பாலான 350-களில் பிக் எண்ட் மிதக்கும் புஷ்ஷில் ஓடுவது, ஆயில் இல்லாமல் தாங்காது. கவரை மூடிய பிறகு எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஹெட்டுக்குப் போகும் ஆயில் பைப்பின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஆயில் கசிந்து வர வேண்டும். வரவில்லையென்றால் எஞ்சினை உடனே அணையுங்கள். இந்தச் சோதனை டேங்குக்குத் திரும்பும் ரிடர்ன் ஆயிலின் பக்கத்தை மட்டுமே காட்டும், பிக் எண்டுக்குப் போவதைக் காட்டாது, கார்க் சீலைக் கவர் மூடும் முன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கியர் விழவில்லை, கிளட்ச் ஒட்டுகிறது

நின்று கிடந்த வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொள்ளும். சாவியைப் போடாமல் கிளட்சைப் பிடித்தபடி கிக்கரைச் சில தடவை இறக்கினால் பிரிந்துவிடும். நாலு கியர் பெட்டியில் போலி நியூட்ரல் (இரண்டு கியருக்கு நடுவே எதிலும் விழாமல் நிற்பது) அடிக்கடி வந்தால் உடனே பல்சக்கரத்தைக் குறை சொல்ல வேண்டாம். கியர் மாற்றும் பகுதியின் தடுப்புத் தகடு இரண்டு போல்ட்டில் நிற்கிறது. அதைத் தளர்த்தி மயிரிழை நகர்த்தி, பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே நாலு கியரையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எல்லாம் தெளிவாக விழும் இடத்தில் இறுக்குங்கள்.

ஆம்பியர் முள் மைனஸிலேயே கிடக்கிறது

ஐடிலிங்கில், விளக்குப் போட்டு, மைனஸ் காட்டுவது இயல்பு. வேகம் ஏறியும் முள் நடுவைத் தாண்டவில்லையென்றால்தான் கோளாறு. வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். 12 வோல்ட் வண்டியில் எஞ்சின் நல்ல வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும், 6 வோல்ட்டில் 7-ஐ ஒட்டி. வரவில்லையென்றால் பேட்டரியிலிருந்து சட்டத்துக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றி, பெயின்டும் துருவும் போகச் சுரண்டி மாட்டுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில் பெரும்பாலும் கோளாறு இதுதான். அப்புறம் ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ரெக்டிஃபயர். கடைசியில்தான் செயின் கவருக்குள் இருக்கும், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர். அதன் வயர்களைப் பிரித்து, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, வேகம் ஏற ஏற வோல்ட்டும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் கவரைத் திறந்து ரோட்டர் (சுழலும் காந்தம்) ஸ்டேட்டரில் (அசையாத சுருள்) உரசிய கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். உரசியிருந்தால் ஸ்டேட்டரின் மூன்று நட்டுகளைத் தளர்த்தி, சுற்றிலும் ஃபீலர் கேஜ் விட்டுச் சம இடைவெளி வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, மறுபடி அளந்துவிட்டே கவரை மூடுங்கள்.